ஒரே நீதிமன்றம், இரு சட்டங்கள்: சித்தூர், திருப்பதி வழக்குகள் காட்டும் பாடம்

சட்டத்தின் ஆட்சி நிலவும் நாட்டில், குடிமகன் ஒருவனுக்குத் தன் உரிமை எது என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அந்த உரிமைக்குப் பழுது நேரும்போது எந்த வாயிலைத் தட்ட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தகராறுக்குக் காவல் நிலையத்தை நாடி ஆண்டுகளை இழந்தவர்களும், மோசடிக்கு ஆளான பின்னும் வெறும் கடன் வழக்கு என்று எண்ணி வாளாவிருந்தவர்களும் நம்மிடையே பலர் உள்ளனர். குற்றவியல் சட்டம், உரிமையியல் சட்டம் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையே இந்த இழப்புகளுக்குப் பெரிதும் காரணமாகும். தமிழகத்தின் வட எல்லையை ஒட்டிய சித்தூர், திருப்பதிப் பகுதியின் நீதித்துறை வரலாறும், அங்கு எழுந்த வழக்குகளும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்குகின்றன.

சித்தூரின் நீதிமன்ற மரபு

1802ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி சென்னை மாகாணத்தில் புதிய நீதிமுறையை ஏற்படுத்தியபோது, மாகாணத்தின் நான்கு வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்களுள் மத்தியப் பிரிவுக்குரியது சித்தூரில் அமைந்தது. இந்நீதிமன்றத்தின் நீதிபதிகள் தலைமையிடத்தில் அமர்ந்து சொத்து, கடன் முதலிய உரிமை வழக்குகளின் மேல்முறையீடுகளை விசாரித்தனர். அவர்களே சுற்றுப்பயணம் மேற்கொண்டு கொலை, கொள்ளை போன்ற குற்ற வழக்குகளையும் விசாரித்தனர். இவற்றுக்கு மேல் சென்னையில் உரிமை வழக்குகளுக்கு சதர் அதாலத்தும் குற்ற வழக்குகளுக்கு பௌஜ்தாரி அதாலத்தும் இருந்தன. 1862இல் சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியபோது இவ்விரண்டும் அதனுள் அடங்கின.

அக்காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிய சித்தூர், 1911 ஏப்ரல் 1 முதல் தன் பெயரிலேயே அமைந்த மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி முதலிய பகுதிகள் தமிழகத்துக்கு வந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறியபோதிலும் ஒரு மரபு மாறவில்லை. மாவட்ட நீதிபதி உரிமை வழக்கை விசாரிக்கும்போது 'மாவட்ட நீதிபதி' என்றும், குற்ற வழக்கை விசாரிக்கும்போது 'அமர்வு நீதிபதி' என்றும் பெயர் பெறுகிறார். கீழ்நிலை நீதிமன்றங்களிலும் உரிமையியல் நீதிபதியே நீதித்துறை நடுவராகவும் பணியாற்றுவது பல ஊர்களில் காணப்படுகிறது. கட்டடமும் நீதிபதியும் ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்றே எனப் பாமர மக்கள் மயங்குவது இயல்பே. ஆயினும் அதே இருக்கையில் அமரும் நீதிபதி, இருவகை வழக்குகளிலும் கேட்கும் கேள்விகள் வேறு வேறானவை.

இரு கேள்விகள்

குற்றம் என்பது தனி ஒருவருக்கு இழைக்கப்பட்ட தீங்காயினும், சமுதாயம் முழுமைக்கும் எதிரான செயலாகவே சட்டம் அதனைக் கருதுகிறது. ஆகவேதான் பொதுவாக அரசே வழக்கை நடத்துகிறது. காவல்துறை புலனாய்வு செய்கிறது. அரசு வழக்கறிஞர் வாதிடுகிறார். பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் சாட்சியாக நிற்கிறார். 'இச்செயலுக்காக இவரை அரசு தண்டிக்கலாமா?' என்பதே அங்கு எழும் கேள்வியாகும். விடை ஆம் எனில் அபராதம், சிறை, மிகக் கொடிய குற்றங்களில் மரண தண்டனை ஆகியவை விதிக்கப்படலாம்.

உரிமையியல் வழக்கில் அரசு ஒரு தரப்பாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. உரிமை கோருபவர் வாதி, மறுப்பவர் பிரதிவாதி. 'இவ்விருவருள் யாருக்கு உரிமை? இழப்பை எவ்வாறு சரிசெய்வது?' என்பதே இங்கு கேள்வி. நிலத்தை ஒப்படைத்தல், கடனைத் திருப்பித் தருதல், ஒப்பந்தத்தை நிறைவேற்றுதல், இழப்பீடு வழங்குதல், ஒரு செயலைச் செய்யாதபடி தடையுத்தரவு பிறப்பித்தல் ஆகியவை இதன் பரிகாரங்கள். தோற்றவர் குற்றவாளி ஆவதில்லை. கடனைத் திருப்பித் தர இயலாத வறியவரை, இயலாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு உரிமையியல் சிறையில் அடைத்தல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980இல் தீர்ப்பளித்தது. பணம் இருந்தும் கெட்ட எண்ணத்துடன் கொடுக்க மறுப்பவரின் நிலை வேறு.

சமரசத்தைப் பொறுத்தவரையிலும் இவ்வேறுபாடு உண்டு. உரிமை வழக்கில் இருதரப்பினரும் எந்நிலையிலும் உடன்பாட்டுக்கு வரலாம். குற்ற வழக்கிலோ சட்டம் குறிப்பிட்டுள்ள சில குற்றங்களில் மட்டுமே பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ள இயலும். கொலை வழக்கை இரு குடும்பங்கள் கூடிப் பேசி முடித்துவிட முடியாது.

மெய்ப்பிக்கும் அளவு

இரு சட்டங்களுக்கும் இடையிலான மிக முக்கியமான வேறுபாடு, மெய்ப்பிக்க வேண்டிய அளவாகும். குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்றே தொடக்கத்தில் கொள்ளப்படுகிறார். நியாயமான ஐயத்துக்கு இடமின்றி அவருடைய குற்றத்தை அரசு மெய்ப்பிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே சேரும். ஒருவருடைய உடல் சுதந்திரத்தையே பறிக்கும் அதிகாரம் அரசிடம் இருப்பதால்தான் இத்தகைய உயர்ந்த அளவு வைக்கப்பட்டுள்ளது.

உரிமை வழக்கிலோ, இருதரப்புச் சான்றுகளையும் தராசில் இட்டுப் பார்க்கையில் எந்தத் தட்டு தாழ்கிறதோ அதன்படி முடிவு செய்தால் போதும். எனவே ஒரே நிகழ்ச்சி பற்றிய குற்ற வழக்கில் ஒருவர் விடுதலை பெறுவதும், உரிமை வழக்கில் அவரே இழப்பீடு தர நேர்வதும் முரண்பாடன்று. ஒரே சான்று இருவேறு அளவுகோல்களால் அளக்கப்படுகிறது என்பதே அதன் பொருள்.

திருமலைக் கோயில் வழக்கு

உரிமையியல் சட்டத்தின் வீச்சு கடன், சொத்து ஆகியவற்றுடன் நின்றுவிடுவதில்லை என்பதற்குத் திருமலைக் கோயிலின் வரலாறு சான்றாகும். 1843இல் கம்பெனி அரசு கோயில் நிர்வாகத்திலிருந்து விலகி, அப்பொறுப்பை ஹாத்திராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் ஒப்படைத்தது. காலப்போக்கில் நிர்வாகம் பற்றிய முறையீடுகள் எழுந்தன. பொது அறக்கட்டளைகளில் அக்கறையுள்ளோர் உரிய அனுமதி பெற்று வழக்குத் தொடரவும், நிர்வாகத்துக்கான திட்டம் ஒன்றை நீதிமன்றம் வகுக்கவும் அன்றைய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 539ஆம் பிரிவு வழிசெய்தது. இன்று அதே இடத்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு உள்ளது. திருமலைக் கோயிலுக்கான நிர்வாகத் திட்டம் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1907இல் தீர்வு கண்டது.

இவ்வழக்கில் எழுந்தது யாரைச் சிறைக்கு அனுப்புவது என்ற கேள்வியன்று. கோடிக்கணக்கான பக்தர்களின் காணிக்கையை இனி எவ்வாறு பாதுகாப்பது, கணக்குகளை யார் பார்ப்பது என்ற கேள்வியே ஆகும். நடந்து முடிந்ததற்குத் தண்டனை அளிப்பதைவிட, இனி நடக்க வேண்டியதை ஒழுங்குபடுத்துவதில் உரிமையியல் சட்டத்துக்கு உள்ள ஆற்றலை இவ்வழக்கு புலப்படுத்துகிறது. பின்னர் சென்னைச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1933இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அமைந்து, மகந்துகளின் நிர்வாகம் முடிவுற்றது. அறக்கட்டளைச் சொத்தை ஒருவர் கையாடல் செய்தால் அது குற்றவியல் நம்பிக்கை மோசடியாகித் தனியே தண்டிக்கப்படும் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

செம்மரமும் சட்டமும்

குற்றவியல் சட்டம் செயற்படும் முறையைச் சேஷாசல மலைகளில் காணலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் செம்மரம், பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இடம்பெற்றுள்ளது. அதனை வெட்டுவதும் கடத்துவதும் ஆந்திரப் பிரதேச வனச் சட்டம், 1967இன் கீழ்க் குற்றமாகும். 2016இல் இச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. செம்மர வழக்குகளுக்கென 2022 ஜூன் மாதத்தில் திருப்பதியில் தனி நீதிமன்றங்கள் தொடங்கப்பட்டன.

இவ்வழக்குகளில் மரம் ஏற்றிவந்த ஊர்தியின் நிலை என்ன என்ற கேள்வி எழுகிறது. ஊர்தியைப் பறிமுதல் செய்ய வனத்துறையின் அதிகாரம் பெற்ற அலுவலருக்கு வனச் சட்டத்தின் 44ஆம் பிரிவு வழிசெய்கிறது. குற்ற வழக்கின் விசாரணை முடியும் வரை இந்நடவடிக்கை காத்திருக்க வேண்டியதில்லை என்றும், இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றும் உச்ச நீதிமன்றம் ஜி.வி. சுதாகர் ராவ் வழக்கில் 1985இல் தெளிவுபடுத்தியது. மனிதரைத் தண்டிப்பதற்கு ஓர் அளவுகோலும், பொருளின் மீது நடவடிக்கை எடுப்பதற்கு வேறோர் அளவுகோலும் ஒரே சட்டத்துக்குள்ளேயே அமைந்திருப்பதை இதனால் அறியலாம்.

கூலிக்கு மரம் வெட்டச் செல்வோருள் பலர் தமிழகத்தின் மலைப்பகுதிகளைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகில் சேஷாசல வனப்பகுதியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்தனர். தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் இதனை மறுத்தன. தேசிய மனித உரிமை ஆணையம் இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. உயர் நீதிமன்றத்திலும் மனுக்கள் தாக்கலாயின.

இத்தகைய நிகழ்ச்சியில் சட்டம் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறது. இறந்தவர்கள் வனக்குற்றம் புரிந்தார்களா என்பது ஒன்று. சுட்டவர்களுக்குக் குற்றவியல் பொறுப்பு உண்டா என்பது மற்றொன்று. இறந்தவர்களின் குடும்பத்தினருக்கு இழப்பீடு உண்டா என்பது மூன்றாவது. முதற் கேள்விக்கு விடை எதுவாயினும், அதனால் மட்டும் மற்ற இரண்டும் மறைந்துவிடா. மோதல் மரணங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதும், சார்பற்ற புலனாய்வு நடத்துவதும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் நெறிமுறைகளை வகுத்துள்ளது. அரசின் செயலால் அடிப்படை உரிமை பறிபோனால், அரசமைப்புச் சட்டத்தின் வழியே இழப்பீடு வழங்கலாம் என்பது ருதுல் சா (1983), நீலபதி பெஹரா (1993) வழக்குகளில் நிலைநாட்டப்பட்டது. இது குற்ற வழக்குக்கும் சாதாரண உரிமை வழக்குக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது வழியாகும்.

ஒரு விபத்து, இரு வழக்குகள்

அன்றாட வாழ்வில் இரு சட்டங்களும் ஒருங்கே செயற்படுவதற்குச் சாலை விபத்தே எளிய எடுத்துக்காட்டு. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே செல்லும் பேருந்து ஒன்று, ஓட்டுநரின் கவனக்குறைவால் ஒரு பாதசாரியின் மீது மோதி அவர் இறந்துவிடுவதாகக் கொள்வோம். ஓட்டுநர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்கீழ்க் குற்ற வழக்கு தொடரப்படும். இறந்தவரின் குடும்பத்தினர் மோட்டார் ஊர்திச் சட்டம், 1988இன் 166ஆம் பிரிவின்கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். முதல் வழக்கு ஓட்டுநரின் குற்றத்தைப் பற்றியது. இரண்டாவது, பிழைக்கும் வழியை இழந்த குடும்பத்தைப் பற்றியது. ஊர்தி உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் குற்ற வழக்கில் சிறை செல்வதில்லை; இழப்பீட்டு வழக்கில் பணம் தரவேண்டியவர்கள் அவர்களே.

தீர்ப்பாயத்தில் குற்ற வழக்குக்குரிய கடுமையான மெய்ப்பிப்பு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் பிம்லா தேவி வழக்கில் 2009இல் கூறியுள்ளது. எனவே ஓட்டுநர் விடுதலை அடைந்துவிட்டார் என்பதற்காகக் குடும்பத்தினர் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

தவறான வாயில்

வீட்டுமனைகளின் விலை ஏறிவரும் திருப்பதி போன்ற நகரங்களில் அடிக்கடி எழும் தகராறு, மனை விற்பனை ஒப்பந்தம் பற்றியதாகும். முன்பணம் பெற்றவர் கிரயம் செய்து தர மறுக்கிறார். வாங்க விரும்பியவர் காவல் நிலையம் செல்கிறார். ஒப்பந்தத்தை மீறியது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். தனக்கு உரிமையில்லாத மனையைத் தன்னுடையது என்று சொல்லிப் பணம் பெற்றால் அது மோசடி. விலை ஏறியதால் பின்னர் மனம் மாறினால் அது பொதுவாக ஒப்பந்த மீறலே. உரிமைத் தகராறுகளைக் குற்ற வழக்குகளாக மாற்றும் போக்கு வளர்ந்து வருவதை உச்ச நீதிமன்றம் இந்தியன் ஆயில் கழக வழக்கில் 2006இலேயே கண்டித்தது. அதே வேளையில், ஒரே செயல் உரிமை மீறலாகவும் குற்றமாகவும் இருக்கக்கூடும் என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

தவறான வாயிலில் நிற்பவர் இழப்பது காலத்தை. காலவரம்புச் சட்டம், 1963இன்படி, பொதுவாகக் கடன் தொகையை வசூலிக்கவும், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரவும் 3 ஆண்டுகளே உண்டு. உரிமையின் அடிப்படையில் நிலத்தின் சுவாதீனம் கோர 12 ஆண்டுகள் உண்டு. அதிகார வரம்பற்ற நீதிமன்றத்தில் நல்லெண்ணத்துடன் உரிமை வழக்கு நடத்திய காலத்தைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. காவல் நிலையத்துக்கு நடந்த காலத்துக்கு அச்சலுகை இல்லை. புகாரின் முடிவுக்குக் காத்திருந்தவர், முடிவு வரும்போது தம் உரிமை வழக்கே காலாவதியாகிவிட்டதைக் காண நேரிடும்.

காசோலை வழக்கு இவ்விரு வகைகளுக்கும் இடைப்பட்டது. கடனுக்காகத் தரப்பட்ட காசோலை பணமின்றித் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு அதனைக் குற்றமாக்குகிறது. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புப் பெற்ற 15 நாட்களில் பணம் வராவிடில், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நடுவரிடம் முறையீடு செய்ய வேண்டும். வடிவத்தில் குற்ற வழக்காயினும் இதன் நோக்கம் பணம் திரும்பக் கிடைப்பதே. ஆதலின் இது சமரசத்துக்கு உரியது.

அலுவலர்களின் கடமை

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பிரிவு எண்கள் மாறினாலும் அடிப்படைக் கோட்பாடுகள் தொடர்கின்றன. கைது செய்வதற்குரிய குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தல் காவல்துறையின் கடமை என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பாயிற்று. வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் முதனிலை விசாரணை நடத்த அத்தீர்ப்பே இடம் தந்தது. ஆகவே 'இது சிவில் விவகாரம்' என்ற சொல் உண்மையான குற்றத்தைத் தட்டிக்கழிக்கும் கருவியாகவும் ஆகக்கூடாது. குற்ற வழக்கு என்ற அச்சுறுத்தல் கடன் வசூலுக்கான கருவியாகவும் ஆகக்கூடாது.

வருவாய்த்துறை அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. நிலத்தகராறால் அமைதிக்குப் பங்கம் நேரும் நிலையில், நிர்வாக நடுவர் யார் அனுபோகத்தில் உள்ளார் என்று மட்டும் கண்டறிந்து, அதனைப் பாதுகாக்க ஆணையிடலாம். பழைய சட்டத்தின் 145ஆம் பிரிவில் இருந்த இந்த அதிகாரம் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164ஆம் பிரிவில் உள்ளது. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றமே. இதனை மனுதாரரிடம் எடுத்துரைப்பதே அலுவலர் அவருக்குச் செய்யும் பேருதவியாகும்.

வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர்க்கு இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டும் என்ற நெறி, 1976இல் அரசமைப்புச் சட்டத்தின் 39அ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் முதலியோர் இவ்வுதவியைப் பெறலாம். சேஷாசல மலையில் கைதாகி, தெலுங்கு அறியாமல் நீதிமன்றத்தில் நிற்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இது பொருந்தும். கைதுக்கான காரணத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். குற்றத்துக்கு ஆளானவர்களுக்கு இழப்பீடு பரிந்துரைக்கவும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழிசெய்கிறது. மக்கள் நீதிமன்றங்களில் உரிமை வழக்குகளும், சமரசத்துக்குரிய குற்ற வழக்குகளும் கட்டணமின்றித் தீர்க்கப்படுகின்றன. அங்கு ஏற்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை.

தண்டனை வேண்டுமா, பரிகாரம் வேண்டுமா, அல்லது இரண்டுமா என்று முதலில் தெளிதல் வேண்டும். அத்தெளிவுடன் உரிய காலத்தில் உரிய வாயிலை அடைபவருக்கே சட்டம் முழுமையாகப் பயன்படும். அந்த வாயிலைக் காட்டும் பொறுப்பு சட்டம் பயிலும் மாணவர்க்கும், மக்களின் மனுவை முதலிற் பெறும் அலுவலர்க்கும் உரியது.